தேதிவாரியாக அடுக்கிய பெட்டி

நாற்பத்திரண்டு வயதில் கல்லூரிக்குப் போகிறவளைப் பார்த்து ஊரே சிரிக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஊருக்கு வேறு வேலை இருந்தது. சிரித்தது அவள் மட்டும்தான். பதினாறு வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கியவள், அந்த வேலையை விட்டுவிட்டுப் பொது வரலாறு படிக்கச் சேர்ந்தாள். அருங்காட்சியகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் வேலை பார்க்கத் தயார்செய்கிற படிப்பு அது. வகுப்பில் அவள் பெயர் 'மருந்துக்கடை அக்கா'. பேராசிரியர்கூட ஒருநாள் வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு இருமினார்.

"படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்று கணவர் கேட்டார்.

"பழைய சாமானையெல்லாம் பத்திரமா பாத்துக்கறது."

"அதைத்தான் இருபது வருஷமா வீட்ல பாத்துட்டிருக்கியே," என்று அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பட்டத்துக்கு ஒரே ஒரு கண்டம்தான் பாக்கி. நகர ஆவணக் காப்பகத்தில் இரண்டு மாதப் பயிற்சி முடித்து, அங்குள்ள காப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை. மருந்துக்கடைக்குத் திரும்பவும் வழியில்லை, அந்த நாற்காலியில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவது வாரம் அவள் மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் முப்பது வருஷமாக மாணவர்களிடம் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதங்கள். 'இனிமேல் பக்கத்தில் இருப்பவன் பையில் தண்ணீர் ஊற்ற மாட்டேன்.' 'சன்னலை உடைத்தது பந்துதான், ஆனாலும் நான் வருந்துகிறேன்.' ஆசிரியர் இறந்தபின் அவருடைய மகன் கொடுத்துவிட்டுப் போனது. முக்கால்வாசி உதிரித் தாள்கள், ஒரு சின்னக் கட்டு மட்டும் துருப்பிடித்த குண்டூசியால் குத்தியிருந்தது. ஊசியைக் கழற்றிவிட்டுக் காகித உறைகளில் போடச் சொன்னார் காப்பாளர். அவ்வளவுதான் அந்த அம்மாள் சொன்னது.

மூன்றாம் வருஷத்துக் கடிதத்துக்குக் கீழே இருபதாம் வருஷத்துக் கடிதம் கிடந்தது. மாத்திரை அடுக்கிய கை சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் முந்நூற்றுச் சொச்சத்தையும் தேதிவாரியாக அடுக்கி, ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு, எட்ட நின்று அழகு பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஒருவர் எதை எதோடு சேர்த்து வைத்தார் என்பதும் ஒரு சேதிதான். முதல் பருவத் தேர்வில் இதைப்பற்றி நாலு பக்கம் எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் இவளேதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போதுதான் உறைத்தது. ஆனால் காப்பாளர் பெட்டியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் கையெழுத்து தானாக வரும். அவள் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆசிரியரின் மகனே வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. காப்பாளர் அவரை நேரே அவள் மேசைக்குக் கூட்டி வந்தார்.

"அப்பா கடைசியா ஒண்ணு சொன்னாருங்க," என்றார் மகன். "தப்பே பண்ணாத பசங்ககிட்டயும் எழுதி வாங்கிட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, அதையெல்லாம் தனியா குத்தி வெச்சிருக்கேன்னாரு. நானும் அவர் வகுப்புலதான் படிச்சேன். கடிகாரத்தை எடுத்தேன்னு எழுதிக் குடுத்தேன். நான் எடுக்கலைங்க. என்னோடது அந்தக் கட்டுல இருக்கான்னு பாக்கணும்."

"வீட்லயே பாத்திருக்கலாமே," என்றார் காப்பாளர்.

"இல்லாமப் போயிட்டா? அந்தப் பயத்துலதான் திறக்காமலே இங்க குடுத்துட்டேன்."

நிரபராதிகளையெல்லாம் குற்றவாளிகளோடு திரும்ப உட்காரவைத்திருந்தாள் மருந்துக்கடை அக்கா, அதுவும் தேதிவாரியாக. 'இருந்ததுங்க' என்று ஒரு பொய் சொன்னால் மூன்று பேருக்கும் நல்லது. நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"அந்தக் கட்டு இப்ப இல்லைங்க. நான்தான் பிரிச்சு எல்லாத்தோடவும் கலந்துட்டேன்."

காப்பாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஊசி குத்தின தாள்ல துரு இருக்கும். அவரோடதை எடுங்க," என்றார்.

மகன் வருஷத்தைச் சொன்னார். தேதிவாரியாக இருந்ததால் அரை நிமிடத்தில் கிடைத்தது, அந்த அடுக்கலால் வந்த ஒரே புண்ணியம். மகன் வாங்கிப் பார்க்கவில்லை, நீங்களே பாருங்கள் என்று கையைக் காட்டினார். இடது மூலையில் இரண்டு சின்ன ஓட்டைகள், சுற்றிலும் பழுப்புக் கறை.

"துரு இருக்குங்க. அந்தக் கட்டுலதான் இருந்திருக்கு."

மகன் அந்தக் கறையை விரலால் தொட்டார். "அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். விரலைப் பார்த்துக்கொண்டே, "நாப்பது வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

காப்பாளர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "வரிசையைக் கலைச்சது யாரு, என்னிக்குன்னு எழுதுங்க. பெட்டியோட இருக்கணும். துரு இருக்கற மத்ததையும் தேடி எடுக்கணும், அதனால இன்னும் ஒரு மாசம் வாங்க. கையெழுத்து அதுக்கப்புறம்தான்."

எழுதினாள். மகன் எட்டிப் படித்தார்.

"நீங்களாவது சொல்லிட்டீங்க," என்றார்.

"ரெண்டு நாள் கழிச்சுதாங்க சொன்னேன்."

அதையும் சேர்த்து எழுதச் சொன்னார் காப்பாளர்.