முதல் இடத்து வாட்ச்

1. நோட்டீஸ் பலகை

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடல்பாதையான காஸ்வே திறந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருந்த சமயம். நான் ஜொகூர் பாருவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வருஷா வருஷம் நடக்கும் நீச்சல் போட்டிக்கு எங்கள் ஆபீஸ் ஆட்கள்தான் வேலை செய்வோம். ஒரு நாள் காலையில் அதற்கான பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். முதல் இடத்துக்கு டைம்கீப்பர் அருளப்பன். இரண்டாம் இடத்துக்கு நான்.

வயிறு எரிந்தது. இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

முதலில் வருபவனுக்கு வாட்ச் பிடிக்கிறவர்தான் சத்தத்தைப் பெருக்கும் தகரக் குழலை வாயில் வைத்துக் கூட்டத்துக்கு நேரத்தைச் சொல்வார். இரண்டாம் இடத்து நேரம் ஒரு தாளில் ஏறும், அந்தத் தாள் பெட்டிக்குள் போகும். ஐந்து வருஷம் நான் அந்தத் தாளில் எழுதியவன். முதல் வாட்ச் பிடித்தவர் மூவாருக்கு மாற்றலாகிப் போனதும் அடுத்தது நான்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அருளப்பன் முந்தின வருஷம் வேலைக்கு வந்தவன். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, சரளமான இங்கிலீஷ்.

பெரிய கிராணியிடம் போய் நின்றேன்.

"உங்க வேலை சுத்தம், சின்னையா. ஆனா நீங்க குழல்ல பேசினா சிங்கப்பூர்க்காரங்களுக்குப் புரியணும்ல?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

2. புகை

வாட்ச் பிடிப்பதில் ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் பெரிய பந்தயம் கரையோரமாக நேர்க்கோட்டில் இருநூற்றிருபது கெஜம். முதலை பயத்துக்காக இரண்டு பக்கமும் சம்பான் என்ற சிறு படகு கூடவே வரும். துப்பாக்கி சுடுவது அந்தக் கோடியில் உள்ள படகுத்துறையில், நாங்கள் நிற்பது இந்தக் கோடியில். சத்தம் இவ்வளவு தூரம் வந்துசேர அரை வினாடிக்கு மேல் ஆகும். புகை உடனே தெரியும். ஆகவே புகையைப் பார்த்து வாட்சை அழுத்த வேண்டும். சத்தத்துக்குக் காத்திருந்தால் நீந்துகிறவனுக்கு ஒரு வினாடியில் ஐந்தில் மூன்று பங்கு இனாம். இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததல்ல. சிங்கப்பூர் டைம்கீப்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

போட்டி அன்று காலை ஒத்திகை. அருளப்பன் தலையைக் குனிந்து வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்ட பிறகு அழுத்தினான். பக்கத்தில் நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

அவனே திரும்பிக் கேட்டான். "அண்ணே, நான் பிடிக்கிறது சரியா இருக்கா? தப்புன்னா சொல்லுங்க."

"சரியாத்தான் இருக்கு, தம்பி" என்றேன்.

எல்லார் முன்னாலும் அவன் உளறட்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு காரணமே கிடையாது.

3. இரண்டு நிமிஷம் நாற்பது

அந்தப் பந்தயத்தில் ஜொகூர் சார்பில் நீந்தியவர் தாவூத், மலாய்ப் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கை நீளத்தில் சிங்கப்பூர்க்காரனை முந்திக் கடைசிக் கம்பத்தைத் தொட்டார். அருளப்பன் குழலை எடுத்தான். இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி, புது ரெக்கார்டு. தொப்பிகள் பறந்தன. பெரிய கிராணி அவன் முதுகில் தட்டினார், ஏதோ அவனே நீந்தி வந்ததுபோல.

பிறகு என் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் இரண்டு நிமிஷம் நாற்பத்தொன்று.

"ஒரு கை நீளந்தானே முந்தினாரு? முழுசா ஒரு செகண்ட் எப்படி வந்துச்சு? உங்க விரல் தூங்கிடுச்சா, சின்னையா?"

என் வாட்ச்தான் சரி. அருளப்பன் பந்தயத்திலும் சத்தத்துக்கே அழுத்தியிருந்தான்; தாவூத்தின் உண்மையான நேரம் இரண்டு நிமிஷம் நாற்பதும் ஐந்தில் மூன்றும். சொல்லியிருக்கலாம். சொன்னால், காலையில் அவன் கேட்டபோது ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். "கொஞ்சம் தாமதமாயிடுச்சு சார்" என்றேன். அவன் விழுவான் என்று பார்த்தால் அவனுக்கு மாலை, எனக்குத் திட்டு.

4. மறு வருஷம்

அருளப்பனுக்குப் பதவி உயர்வு வந்து பத்து பகாட் ஊருக்குப் போனான். முதல் வாட்ச் என் கைக்கு வந்தது. புதுக் கால்சட்டை தைத்துக்கொண்டேன், மறைப்பானேன்.

அன்று காலை தாவூத் என்னிடம் வந்தார். வயது முப்பதாகிவிட்டது, போன வருஷத்து நேரத்தை இன்று ஒருமுறை முந்திக் காட்டிவிட்டால் திருப்தியாக நிறுத்திக்கொள்வேன், ஒரு வருஷமாகப் பள்ளி விட்டதும் தினமும் கடலில்தான் கிடந்தேன் என்றார்.

புகை தெரிந்தது, அழுத்தினேன். யாரும் அவர் பக்கத்தில்கூட வரவில்லை. கம்பத்தைத் தொட்டதும் வாட்சைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் நாற்பதும் ஐந்தில் ஒன்றும். போன வருஷத்தைவிட நிஜமாகவே வேகம். ஆனால் ஏட்டில் இருந்த ரெக்கார்டு வெறும் நாற்பது; குழலில் நான் என்ன சொல்ல முடியும்? ரெக்கார்டைவிட ஐந்தில் ஒரு வினாடி அதிகம் என்று சொன்னேன். கூட்டம் உச்சுக்கொட்டியது.

அவர் கம்பத்தைப் பிடித்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "லம்பாட் கா?" என்று மலாயில் கேட்டார். மெதுவாகிவிட்டேனா என்கிறார்.

"சிக்கிட்" என்றேன். கொஞ்சம்.

தலையை ஆட்டிவிட்டுக் கரையேறினார். ஜெயித்த மனிதர், கோப்பை வாங்கக்கூட நிமிர்ந்து வரவில்லை. மறு வருஷப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். சத்தத்துக்குக் காத்திராதீர்கள், புகையைப் பாருங்கள். பக்கத்து ஆள் சரியா என்று கேட்டால், அவனை எவ்வளவு பிடிக்காவிட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். அருளப்பனைக் கவிழ்க்கப் பார்த்தேன், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாவூத் பிறகு பதினோரு வருஷம் அதே ஊரில்தான் வாத்தியாராக இருந்தார். கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சலாம் வைப்பார். அன்று அவர் தன் பழைய நேரத்திடம் தோற்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். பதிலுக்கு சலாம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.