தமிழ்வாணனும் அவருடைய எலிப் பங்காளிகளும்

பிள்ளைப்பாக்கத்தை அடுத்த எங்கள் ஊரில் மனித குலத்துக்கு நேரடியாகத் தொண்டு செய்கிறவர் ஒருவர்தான் உண்டு. அவர் தமிழ்வாணன். தகப்பனார் நெல் விளைவித்த நிலத்தில் இப்போது கார் கண்ணாடி விளைகிறது. மகனோ ஒரகடத்தில் மருந்து ஆராய்ச்சி செய்யும் கம்பெனி ஒன்றின் அனிமல் ஹவுஸில் இருக்கிறார். வெள்ளைச் சுண்டெலிகளுக்குத் தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் மாற்றுவது, கூண்டில் படுக்கைக்குச் சோளத்தக்கைத் துருவல் பரப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. கார் கம்பெனி லைனில் நின்று போல்ட் முடுக்குகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

சிரிப்பை அடக்கியது விஞ்ஞானம். சேர்ந்த வாரமே பயிற்சி வகுப்பில் ஒரு மேடம் சொன்ன சங்கதி இது: மனிதனிடம் உள்ள ஜீன்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எலியிடம் ஓர் இணை உண்டு. புரதம் செய்யும் பகுதிகளை ஒப்பிட்டால் சராசரியாக நூற்றுக்கு எண்பத்தைந்து ஒத்துப்போகும். அதனால்தான் நமக்கு வரப்போகும் மருந்தை எலி முதலில் சாப்பிட்டுப் பார்க்கிறது. அன்று தமிழ்வாணனுக்குத் தூக்கம் போயிற்று; மறுநாள் முதல் ஊருக்கும் போயிற்று. டீக்கடை, ஷேர் ஆட்டோ, கம்பெனி பஸ், எங்கும் இதே பிரசங்கம்.

"எலியும் நாமளும் ஒரே வம்சம்பா. நடுவுல பிரிஞ்சி போச்சி, அவ்ளோதான். ஒரு வகைல பங்காளி."

இந்தக் கடைசிச் சொல்தான் வினையாயிற்று.

ஆடி மாதம் அம்மன் கரகம் எடுக்கும் உரிமை இவர்கள் வகையறாவில் வீட்டுக்கு வீடு சுற்றி வரும். போன சுற்றில் தமிழ்வாணன் முறை வந்தபோது அம்மன் தலையில் ஏறாமல் அம்மையாக உடம்பில் இறங்கிவிட்டாள். இந்தத் தடவையும் விட்டால், அடுத்த சுற்றுக்கு முழங்கால் ஒத்துழைக்குமா என்பது அவளுக்கே வெளிச்சம். புது வேட்டி கட்டிக்கொண்டு கோயிலில் மணிக்கட்டை நீட்டினார். பூசாரி அப்பாவு காப்புக் கயிற்றை எடுத்தார். அப்போது கரக முறையில் அடுத்து வரும் வீட்டுக்காரரும், தமிழ்வாணனின் பெரியப்பா மகனும், உரக்கடை உரிமையாளருமான பெருமாள்சாமி எழுந்தார்.

"பூசாரி, ஒரு டவுட்டு. பங்காளி செத்தா தீட்டா, இல்லியா?"

"தீட்டுதான்."

"இவன் பங்காளிங்க கம்பெனில தெனம் சாவுறாங்க. இவன் இன்னா கணக்குல கரகம் தூக்குறான்?"

கயிறு அந்தரத்தில் நின்றது. கூட்டம் இந்தச் சட்டப் பிரச்சினையின் ஆழத்தில் மூழ்கியது. தமிழ்வாணனுக்கு வேட்டி மட்டும்தான் நனையவில்லை. மற்றபடி வேர்வையில் குளித்துவிட்டார்.

"அண்ணா, நீ எனக்கு யாரு?" என்றார்.

"இன்னாடா கேள்வி இது? உன் பெரியப்பன் புள்ள."

"அப்போ என் பங்காளி உனக்கும் பங்காளிதான். எனக்கு தீட்டுன்னா உனக்கும் தீட்டு. அதுவும் நானு சோறு போடறேன், நீ எலி மருந்து விக்கிற."

அந்த மருந்தை வாங்கி வைத்தவர்கள் அத்தனை பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஜீன் எல்லா மனிதருக்கும் பொது. ஆகவே தீட்டும் பொது. பூசாரி தன் வீட்டுப் பரணில் இருக்கும் எலிப்பொறியை நினைத்தார் போலும், கயிற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மைக் செட் பாட்டை நிறுத்தியது. திருவிழாவே நின்றுவிடும் நிலை.

அந்த நேரத்தில் தமிழ்வாணனின் மனைவி ஜோதி, செல்போன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, கழுத்தில் ஐடி கார்டோடு வந்தாள். விவரம் கேட்டாள்.

"எத்தினி பர்சன்ட் ஒத்துப்போவுதாம்?"

"எம்பத்தஞ்சு," என்றார் கணவர் ஈனஸ்வரத்தில்.

"பாக்கி பதினஞ்சு எங்க? பங்காளின்னா கொறையுமா? கொறையுதுன்னா வெளியூர் ரத்தம் கலந்துகினு கீது. அது கொண்டான் குடுத்தான் வகை. மாமன் மச்சான் செத்தா தலைக்கு தண்ணி ஊத்திக்கினா போதும்."

"எலிக்கு எவன் பொண்ணு குடுத்தான்?" என்றார் பெருமாள்சாமி.

"உங்க குடோன்ல குடும்பம் நடத்துதே மாமா, நீங்க சீர் செய்யாமயா வந்து குந்திச்சி?"

கூட்டம் சிரித்ததில் விஞ்ஞானத்துக்கும் சம்பிரதாயத்துக்கும் இருந்த பகை தீர்ந்தது. குளித்தாயா என்று பூசாரி கேட்டார். கம்பெனியில் ஷவர் எடுக்காமல் அனிமல் ஹவுஸை விட்டு வெளியே வரவே முடியாது என்றார் தமிழ்வாணன். கயிறு ஏறியது.

பூங்கரகம் தலையில் ஆட, பம்பை முழங்க, தமிழ்வாணன் தெருத்தெருவாக வந்த அழகை ஒரகடம் வட்டாரமே பார்த்தது. வாசலுக்கு வாசல் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பெருமாள்சாமியும் ஊற்றினார். ஊற்றக் குனிந்தவர், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"தம்பி, எனக்கு சுகர் முந்நூறுல கீது. உங்க எலிங்க எதுனா வழி கண்டுபுடிச்சிச்சா?"

கரகம் சுமப்பவர் பேசக்கூடாது என்பது விதி. எலியைப் பற்றி ஒருவர் தானாக வந்து கேட்டும் வாயைத் திறக்காமல், கண்ணில் நீர் முட்ட, தமிழ்வாணன் அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். அவர் எடுத்த விரதங்களில் இதுதான் கடுமையானது.