எஸ்தர் கேட்ட முதல் கேள்வி

எஸ்தர் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, நான் ஒரு பம்ப் மூடியின் வரைபடத்துக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் என்னைப் போலவே வருமான வரி ரிட்டர்ன் போடுகிற அன்னூர் டியூஷன் டீச்சர்தான் அழைத்தார். "ஏனுங்க, நம்ம எஸ்தர் போயிட்டாங்களாமா. காலையில மாரடைப்பாமா" என்றார். நாற்பத்தாறு வயது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது, என் ரிட்டர்ன் என்ன ஆவது என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்க, எஸ்தரிடம் கணக்குக் கொடுத்த நாம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோமே, அதற்குத் துக்கம் மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். உங்களுக்கும் அதே நினைப்பு வந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். எஸ்தராக இருந்தால், "அதுக்கென்னங்க, கடைசித் தேதி யாருக்காகவும் நிக்காதில்லீங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

எனக்கு அந்த ரிட்டர்ன் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லாமல் எஸ்தரைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் வீட்டிலிருந்தபடியே சிறு பட்டறைகளுக்குப் பம்ப் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவள். பதினோரு வருஷம் வரைந்த பிறகு, ஊரில் பெரிய பம்ப் கம்பெனி ஒன்று வருஷ ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டது. வேலை பிடித்திருக்கிறது, உங்கள் பெயரில் மூன்று வருஷ ரிட்டர்ன் கொடுங்கள் என்றார்கள். என் பெயரில் ஒரு வருஷம்கூட இல்லை. யாரோ சொல்லி, காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறைக்குப் படியேறிப் போனேன். ஆடிட்டர் ஆபீசில் பல வருஷம் டைப் அடித்து, வேலையைக் கற்றுக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தார் எஸ்தர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். எவ்வளவு வருமானம் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"வேலை யாருங்க செய்யறது?"

"நான்தானுங்க."

"பில்லு யாரு பேர்லங்க போடறீங்க?"

"ஊட்டுக்காரர் பேர்லங்க. பணமும் அவரு அக்கவுண்டுக்குத்தான் வரும். மொதல்ல எனக்குன்னு அக்கவுண்டு இல்லீங்க. அப்புறம் அதே பழகிப்போச்சு."

"ஓ" என்றார். அந்த ஒரு எழுத்தில் குற்றம் சாட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. வீட்டுக்காரரின் பழைய ரிட்டர்ன் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாகக் கணக்கு எழுதியவர், நான் வரைந்து சம்பாதித்த பணத்தையும் தோப்பு வருமானத்தோடு சேர்த்தே எழுதிவந்தார். விவசாயம் என்றால் வரி இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் பக்கம் தோப்பு வைத்திருக்கிற பல வீடுகளில் இப்படி நடக்கும். மகன் கேமரா பிடித்துச் சம்பாதித்தாலும், மருமகள் பிளவுஸ் தைத்துச் சம்பாதித்தாலும், எழுதும்போது எல்லாம் தேங்காய் ஆகிவிடும். அதை யாரும் பொய் என்று நினைப்பதே இல்லை. நானும் நினைத்ததில்லை.

வீட்டுக்காரர் விறைப்பாகத்தான் வந்து உட்கார்ந்தார். இந்த அம்மா நம்மை என்ன கேட்டுவிடப் போகிறார் என்ற தோரணை.

"தோப்புல எத்தனை மரமுங்க?" என்று எஸ்தர் கேட்டார்.

"நூத்தி முப்பத்தெட்டு."

எஸ்தர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். "நீங்க காட்டியிருக்கிற வருமானத்துக்கு, ஒரு மரத்துக்கு வருஷம் ஐநூறு காய் வரோணுமுங்க. எந்த ரகமுங்க அது?"

"நல்லா உரம் வெக்கறோமுங்க."

"நான் பொறந்ததே தோப்பு வேலைக்காரங்க ஊட்டுலதாங்க. எங்கம்மா காய் பொறுக்கித்தான் என்னையப் படிக்க வெச்சாங்க. ஒரு வெட்டுக்கு மரத்துக்குப் பதினஞ்சு காய் உளுந்தா, அன்னைக்குத் தோப்புக்காரரு மொகமே தனியா இருக்கும். வருஷத்துக்கு எட்டு வெட்டுன்னு வெச்சாலும் நூத்தி இருவது." பிறகு அவர் சிரிக்காமல் கேட்டார்: "மிச்சக் காயெல்லாம் அக்கா வரைஞ்சதுங்களா? தென்னை மரம் பம்பு வரையுமுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் முகம் சிவந்தது. தோப்பில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண், தோப்புக்காரரின் தேங்காயை எண்ணிக் காட்டுகிறாள் என்பதும் அந்தச் சிவப்பில் கொஞ்சம் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. எஸ்தருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் குரலில் மரியாதை ஒரு பிடி குறையவில்லை, கேள்வியும் ஒரு பிடி குறையவில்லை.

வீட்டுக்காரர் கடைசியில், "சரிங்க, அவ பேர்லயே காட்டுனா எவ்வளவு வரி வரும்? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். எஸ்தர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். என் மாதிரித் தொழிலில், வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும் என்று ஒரு வழி இருக்கிறது, அந்தப் பாதி வரி கட்டும் எல்லைக்குள் வரவே வராது என்று விளக்கினார்.

"அப்ப எவ்வளவுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. ஒரு பைசா வராது."

இல்லாத ஒரு வரிக்குப் பயந்து பதினோரு வருஷம் என் வேலையைத் தேங்காய்க்குள் ஒளித்து வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "எனக்கு இது தோணவே இல்ல பாரு" என்றார். அவருக்குத் தோன்றாமல் போனதைவிட எனக்கே தோன்றாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை. அன்று வீடு வரும்வரை பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

போன வருஷங்களைத் திரும்ப எழுத முடியாது என்று எஸ்தர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரும் இனித் தேங்காய்க்கு மட்டும் தேங்காய்க் கணக்கு எழுத வேண்டும், பழையதற்கு எப்போதாவது நோட்டீஸ் வந்தால் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஒப்பந்தம் வேறு ஒருவருக்குப் போனது. "மூணு வருஷம் கேட்டா மூணு வருஷம் குடுப்போமுங்கக்கா. இன்னைக்கு ஒண்ணாவது வருஷம்" என்றார் எஸ்தர். இரண்டை அவர் கையால் போட்டார். இந்த ஆடியில் போட வேண்டியது மூன்றாவது.

அந்த அறையில் என் முறைக்காகக் காத்திருந்த நேரங்களில் எத்தனை பேருடைய கேள்விகள் என் காதில் விழுந்திருக்கும்! புது மாப்பிள்ளை ஒருவர், கல்யாண மொய்க்கு வரி உண்டா என்று பயந்துகொண்டு வந்தார். "உங்க கல்யாணத்துக்கு வந்ததுக்கு இல்லீங்க. தைரியமாச் செலவு பண்ணுங்க" என்று அனுப்பிவைத்தார். பாதி வருஷத்தில் கம்பெனி மாறிய பெண், இரண்டு இடத்துச் சம்பளத்தையும் காட்ட வேண்டுமா என்று கேட்டால், "ரெண்டு எடத்துலயும் வேலை செஞ்சீங்கல்லங்க" என்பார். வெளிநாட்டுப் படங்களுக்கு சப்டைட்டில் எழுதும் ஒரு தம்பி, "டாலர்ல வந்தா இங்க வரி கெடையாதுன்னு வாட்ஸப்புல வந்துச்சுங்களே" என்றான்.

"எங்க உக்காந்து எழுதுனீங்க கண்ணு?"

"சிங்காநல்லூர்லங்க."

"அப்ப வரியும் சிங்காநல்லூர்லயே கட்டோணுமுங்க. வாட்ஸப்பு வந்து கட்டாது."

கோபமும் அவருக்கு வரும். ஓடிபி எண்ணைப் போனில் சொல்லிவிட்டு, "நீங்களே பாத்துப் போட்டுருங்க" என்பவர்களிடம் வள்ளென்று விழுவார். "உங்க வருமானத்த நீங்க பாக்காம நான் பாத்து என்னங்க பண்ண?" என்று போனை வைத்துவிடுவார். அப்படித் திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. ரொம்பவும் கறாரான ஆள் என்று ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கறாரை அவர் தன்னிடமும் காட்டினார் என்பதைக் கல்லறைத் தோட்டத்தில் டியூஷன் டீச்சர் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு வருஷம் எஸ்தரின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, டீச்சருடைய ரிட்டர்ன் தேதி தவறிவிட்டது. எஸ்தர் பஸ் ஏறி அன்னூர் வந்து, டீச்சர் வீட்டு வாசலில் நின்று, "தப்பு என்னோடதுங்க. தாமதக் கட்டணத்த நானே கட்டிப்போட்டேன்" என்றாராம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று டீச்சர் கேட்டதற்கு, "போன்ல சொன்னா பரவாயில்லைன்னு சொல்லிப்போடுவீங்க. நேர்ல வந்தாத்தானே திட்டுவீங்க" என்றாராம். டீச்சர் திட்டவில்லை. சாப்பிட வைத்து அனுப்பினார். அதைச் சொல்லும்போதுதான் டீச்சர் உடைந்து அழுதார், நானும் அப்போதுதான் அழுதேன்.

ஐந்து நாள் கழித்து எஸ்தரின் அம்மாவைப் பார்க்கப் போனேன். ராகேல் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கெட்டியான கைகள். மகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார். நான் கிளம்ப எழுந்தபோது, "அம்மணி, ஒண்ணு கேக்கோணுமுங்க" என்று உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். ரேஷன் கார்டுக்குக் கீழே அடுக்கடுக்காகக் காகிதங்கள். எல்லாம் ராகேல் அம்மாவின் பெயரில் போட்ட வருமான வரி ரிட்டர்ன்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு இருந்தன. ஒவ்வொன்றிலும் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். தொழில் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே விவரம்: தென்னந்தோப்பில் காய் பொறுக்கும் கூலி வேலை.

"இந்த வருசத்துக்குப் போடலீங்க. கடைசித் தேதி எப்பங்க?" என்றார்.

உங்களுக்கு ரிட்டர்ன் போட வேண்டிய அவசியமே இல்லையே அம்மா என்றேன்.

"நானும் அதத்தானுங்க கேட்டேன். தோப்புக்காரருக்கும் வரி இல்லையாமா, எனக்கும் கட்டற அளவுக்கு வரும்படி இல்லையாமா, அப்புறம் எதுக்கு சாமி இந்தக் காயிதம்னு. நீ நாப்பது வருசம் வேலை செஞ்சதுக்கு எங்கியுமே ஒரு எழுத்து இல்லம்மா, கவர்மெண்டு காயிதத்துலயாச்சும் இருக்கட்டும்னு சொன்னா. வருசா வருசம் படிச்சுக் காட்டுவா. எனக்கு என்னங்க புரியும்? என்ர பேரு வர்றப்ப மட்டும் நல்லாருக்கும்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். எப்போதும் பையில் இருக்கும் என் லேப்டாப்பைத் திறந்து, ராகேல் அம்மாவின் ரிட்டர்னை முதலில் போட்டேன். முடித்ததும் படித்துக் காட்டினேன். பெயர் வந்த இடத்தில் அவர் தலையை லேசாக ஆட்டினார். மறுநாள் என்னுடையதைப் போட்டேன். அது மூன்றாவது. கம்பெனியில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். போன வாரம் ஒப்பந்தம் என் பெயரில் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எஸ்தரைக் கூப்பிடப் போனில் பெயரைத் தேடினேன். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் எழுத முடியவில்லை.

ஒவ்வொரு ஆடியிலும் ராகேல் அம்மாவின் ரிட்டர்னை நான் போடுவேன். எஸ்தரிடமிருந்து எனக்கு வந்த பொறுப்பு அது. அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தோப்புக்கு நான் மருமகளாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அங்கே காய் பொறுக்க வருகிறவர்கள் பெயர் என்ன என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கு இரண்டு பேர் பெயர் தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இந்த வெட்டுக்கு நானே தோப்புக்குப் போனேன். ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். காகிதமும் பேனாவும் எடுத்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டேன். நாலாவதாக இருந்தவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "எம்பேரு எதுக்குங்க அம்மணி? காய் பொறுக்கறதுக்குப் பேரா வேணும்?" என்றார்.

பதினோரு வருஷம் நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.