பாத்ததும் தெரியுதா பெரியப்பா?

செல்வராணி இறந்த செய்தி எனக்கு ஃப்ளெக்ஸில்தான் வந்தது. வந்தும் எனக்குத் தெரியவில்லை.

வருசநாட்டில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, மார்க்கையன்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே ஆளுயரத்துக்கு அவள் படம். மஞ்சள் சேலை, சிரித்த முகம், சுற்றிலும் ரோஜாப்பூ, தங்க நிறத்தில் எழுத்து. ஊருக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் செய்து கொடுத்தவளுக்கு ஊரே ஒன்று வைத்துவிட்டது, ஏதோ பரிசு வாங்கியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீக்கடையில் அவள் வீட்டுக்காரர் ராசு நாலு பேரோடு நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, எங்க செல்வராணிக்கு ஃப்ளெக்ஸெல்லாம் வச்சு அசத்திட்டீக! எங்க முட்டாயி?" என்றேன்.

ராசு என் கையைப் பிடித்துக்கொண்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்தான், "யோவ் பெருசு, அந்தப் புள்ள போயிருச்சுய்யா. நேத்துத்தான் எடுத்தாக" என்றார்.

எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். இத்தனை வயதுவரை அதற்காக நான் கூசியதே இல்லை. அன்று கூசிப்போனேன்.

அவளிடம் ஃப்ளெக்ஸ் அடித்த உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். சவுக்குக் கம்பில் சட்டம் கட்டி ஏற்றி நிறுத்துகிற ஆள் நான்தான். அவள் கடை திறந்த புதிதில், சுருட்டிக் கொடுத்த இரண்டை மாற்றிக் கட்டிவிட்டேன். இரண்டிலும் மீசை வைத்த ஒரு பெரியவர் படம். துக்க வீட்டுக்குப் போக வேண்டியது புதுவீட்டு வாசலில் நின்றது. புதுவீட்டின் சொந்தக்காரர் என்னை விரட்டிக்கொண்டு வந்தார்.

"ஏலே, பால் காய்ச்சுற வாசல்ல நின்னு எவனுக்குடா பால் ஊத்தச் சொல்ற?"

துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்வராணி முன்னால் போய் நின்றேன். அவள் வையவில்லை. "தப்பு உங்க மேல இல்ல பெரியப்பா. பாத்ததும் தெரியாத மாதிரி செஞ்சது நானு" என்றாள்.

அதிலிருந்து, எதையும் அச்சடிக்கத் தேனிக்கு அனுப்புமுன் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பாள். "பாத்ததும் தெரியுதா பெரியப்பா?" என்பாள். நான் கொஞ்சம் யோசித்தாலும் போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். துக்கம் என்றால் படத்தில் நிறம் இருக்காது, ஓரம் கறுப்பு, கீழே ஒரு விளக்கு. கம்ப்யூட்டரில் எல்லாம் ரெடிமேடாகவே இருக்குமாம். படத்தை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் பூவும் நட்சத்திரமும் தானாக வந்து உட்காரும். இவள் அதற்குள் போய் வேண்டாததை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு அமுக்குல முடியிறதப் போயி இப்பிடி நோண்டிக்கிட்டு இருக்கியே" என்று ராசு சலித்துக்கொள்வார்.

"அமுக்குறவுகளுக்குச் சுலபம். பாக்குறவுகளுக்கு?" என்பாள்.

அவளிடமும் ஒரு வம்பு உண்டு, சொல்லத்தான் வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் தன் கைக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி வைத்து, வேறு யார் உட்கார்ந்தாலும் ஓட்ட முடியாதபடி ஆக்கிவிட்டாள். எந்தப் பட்டனுக்கு எது வரும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "நீ இல்லாட்டி இத யாரு ஓட்டுறது?" என்று ராசு கேட்டால், "நான் எங்க போகப்போறேன்?" என்று சிரிப்பாள். காய்ச்சல் என்று தேனி ஆஸ்பத்திரிக்குப் போனவள் பிணமாகத்தான் வந்தாள். ராசுவால் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சுவிட்ச் போட மட்டும்தான் முடிந்தது. அப்புறம் பக்கத்து ஊர்க் கடைக்கு ஓடி, கேட்டதும் ஒரே அமுக்கில் செய்து கொடுத்ததை வாங்கி வந்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நான் முட்டாயி கேட்டது.

பதினாறாம் நாளுக்கு வேறொன்று அடிக்க ராசு என்னையும் அந்தக் கடைக்குக் கூப்பிட்டார். போய் உட்காரவே கூச்சமாக இருந்தது. கடைக்காரர் மறுபடி அதே ரோஜாப்பூவைக் கொண்டுவந்தார்.

"பூவ எடுத்துருங்க தம்பி."

"அதெல்லாம் தானா வர்றது பெரியவரே."

"தானா வந்தா என்ன, கையால எடுக்கலாம்ல? எங்க செல்வராணி எடுப்பா."

அவர் தேடித் தேடி எடுத்தார். தங்கம் போனது. மஞ்சள் சேலை சாம்பல் நிறமானது. கீழே விளக்கு வந்தது. நான் எழுந்து தெருவுக்குப் போய், வழிப்போக்கன் மாதிரி திரும்பி வந்து பார்த்தேன். "தெரியுதா?" என்று கேட்க அவள் இல்லை. நானே கேட்டுக்கொண்டேன். தெரிந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அவள் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றைத்தான் நான் வைத்திருக்கிறேன். பஸ் நிற்கும் இடத்தில் பழையதை அவிழ்த்து, புதியதைக் கட்டியது நான்தான். கட்டிவிட்டு அங்கேயே நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கிழவி, பக்கத்து ஊரில் எனக்குப் பழக்கமானவள், என்னைப் போல எழுத்து தெரியாதவள்தான், ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது; ஆனாலும், அன்று முட்டாயி கேட்ட எனக்குத் தலை நிமிரவில்லை.