எலி படித்த கம்ப்யூட்டர்

மகள் படிக்கும் பள்ளியில், கம்ப்யூட்டர் அறை வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று பலகை. உள்ளிருந்து வந்த அந்துருண்டை வாசனையில், ஒரத்தநாட்டுப் பக்கம் நான் படித்த பள்ளியின் கம்ப்யூட்டர் வாத்தியார் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

கம்ப்யூட்டருக்கு அந்துருண்டை மணக்கும் பட்டுத்துணி போர்த்தியிருந்த மகான் அவர். ஆயுத பூஜைக்கு மட்டும் துணியை விலக்கித் திரையில் சந்தனம் வைப்பார். எங்களைத் தொட விட்டதே இல்லை. கீபோர்டை நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்து, அந்தக் கட்டங்களின் மேல் விரலால் தட்டிப் பழகினோம். கோடு கோணலானால் முட்டியில் பிரம்படி.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சுவிட்சைப் போட்டார். உயிர் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே வைக்கோலும் நெல் உமியும். அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தது ஒரு எலி மட்டும்தான்.

"புத்தம் புதுசு சார். ஒரு பய கை வைக்கல" என்றார் வாத்தியார், பெருமையாக.

எங்கள் எல்லோருக்கும் முழு மதிப்பெண். தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் போனார்.

மகள் வெளியே வந்தாள். "இன்னைக்கு என்னம்மா கத்துக்கிட்ட?" என்றேன்.

நோட்டை விரித்துக் காட்டினாள். ஸ்கேல் வைத்து வரைந்த கீபோர்டு. கீழே சிவப்பு மையில் 'வெரி குட்'.