பீரிசில் ஆறிய நீச்சல்குளம்

ஹுன்னஸ்கிரிய மலையிலுள்ள பங்களாவில் நான் காவல்காரன், தோட்டக்காரன், நீச்சல்குளத்து டாக்டர். கடைசிப் பட்டம் நானே கொடுத்துக்கொண்டது.

முதலாளிக்குக் கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை. அவருடைய அக்கா எங்கள் எல்லோருக்கும் ராத்தா. முழங்கால் தேய்ந்துபோன அவரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் தினமும் நடக்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நடந்தால் ஆபரேஷன் தேவைப்படாதாம். எங்கள் குளத்திலோ மத்தியானம் கால் வைத்தாலும் பல் கிட்டும்.

"தண்ணி ஐஸாட்டம் ஈக்கி. எவ்வளவு பெரிய ஹீட்டர் போடணும், ஒனக்கு வெளங்குமா?" என்றார் முதலாளி.

"என்ன முதலாளி, என்னையப் பார்த்து இப்படிக் கேட்டுட்டீங்க?"

தெரியாது என்று சொல்லி என் வாய்க்குப் பழக்கமில்லை.

எனக்குத் தெரிந்தது தேயிலைத்தோட்டத்து லயம், எங்கள் வரிசை வீடுகளின் கணக்கு. குளிக்க ஒரு வாளி கொதிதண்ணிக்கு இரண்டு வாளி பச்சைத்தண்ணி கலப்போம். ஆகவே குளத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்தால் போதும், சின்ன ஹீட்டரே தாராளம். கண்டியில் ஹீட்டர் விற்பவருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

"வாளிய விடுங்க. குளம் எவ்வளவு நீளம், அகலம்? ராவைக்குக் குளிர், காத்து எப்படி?"

"ரெண்டும் நிறைய இருக்குங்க. வேணும்னா அனுப்பி வைக்கிறேன்."

"அளந்துட்டுப் பேசுங்க" என்று வைத்துவிட்டார்.

காற்றுக்கும் ஹீட்டருக்கும் என்ன உறவு? யோசித்தபடியே தேத்தண்ணியைக் கோப்பையிலிருந்து அதன் அடித்தட்டான பீரிசில் ஊற்றி ஊதிக் குடித்தேன். ராத்தா கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பீரிசுல ஊத்துற?"

"சீக்கிரம் ஆறும் ராத்தா. அகலமா பரவும்ல, ஊதினா சூடெல்லாம் பறந்துரும்..."

குளத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்கட குளமும் ஒரு பெரிய பீரிசுதான். ஊதுறது மலை. ஆறின தேத்தண்ணியில எனக்கு நடக்க ஏலாது" என்றவர், என் பீரிசைப் பிடுங்கி, மிச்சத் தேத்தண்ணி இருந்த கோப்பையின் மேல் கவிழ்த்தார். "இப்ப ஆறுமா?"

உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் குளத்தை அளந்தேன். விற்பவரிடம் நீள அகலத்தைச் சொல்லி, "மூடி போட்டா?" என்று கேட்டேன்.

"அட, அப்படின்னா பெருசு வேணாம். நடுத்தரம் போதும்."

ஹீட்டரும் வந்தது, குளத்துக்கு நீல நிற மூடியும் வந்தது. சில நாள் சூடாகவிட்டு, ஒரு காலையில் மூடியைச் சுருட்டினோம். ராத்தா கம்பியைப் பிடித்து இறங்கினார். அந்தக் கரைவரை நடந்து, திரும்பியும் நடந்து வந்தார்.

"எப்படி ராத்தா?"

"தேத்தண்ணி நல்லம். சீனிதான் காணாது."

பின்னாலிருந்து முதலாளி கத்தினார்: "டேய், சீனி டின்னத் தொட்டுறாத!"

என் மூளைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.