டிஸ்ப்ளே சொன்னது நூற்றெண்பது

போன வாரம் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு நிபுணர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் ஒரு பை. அந்தப் பையின் ஜிப்பைக் கடைசிவரை அவர் திறக்கவே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு எலக்ட்ரிக் ஓவனில் மூன்று மாதமாகக் கேக் வேகவில்லை. மேலே வெளிறிப்போய், நடுவில் கத்தியை விட்டால் மாவு ஒட்டிக்கொண்டு வரும். என் மனைவி ரீட்டா இருபது வருஷமாகக் கேக் போடுகிறாள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஞானஸ்நானமோ பிறந்தநாளோ, பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள்.

அப்படிப்பட்டவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? முதல் மாதம், முட்டை சரியில்லை என்றேன். அடுத்த மாதம், பேக்கிங் பவுடர் பழசு. அதற்கடுத்த மாதம் துணிச்சல் கூடிப்போய், "உன் கைப்பக்குவம் போயிடுச்சு ரீட்டா" என்றே சொல்லிவிட்டேன். வாழ்நாளில் ஒரு முட்டையைக்கூட அடித்துக் கலக்காதவன் நான். ஆனால், கருத்து சொல்வதற்குத் தகுதி எதற்கு?

அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான் – சூடு பத்தவில்லை. நான் டிஸ்ப்ளேயைக் காட்டுவேன். நூற்றெண்பது டிகிரி என்று பச்சை எழுத்தில் மின்னிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் திருவொற்றியூரிலிருந்து போன் வந்தது. ரீட்டாவின் தங்கை ஸ்டெல்லா. அக்காவும் தங்கையும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்... ஒரு கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்கும்போது யாரைக் கூப்பிட மறந்தார்கள் என்பதுதான். அந்த ஸ்டெல்லா தானாகவே கூப்பிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் புதுநன்மை – பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கேக் அக்காதான் போட வேண்டும் என்றாளாம். போனை வைத்துவிட்டு ரீட்டா அழுதாள்.

உடனே ஒரு கேக் போட்டுப் பார்த்தாள். நடுவில் மாவு. ஸ்டெல்லாவிடம் முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். சொன்னால் என்ன ஆகும்? அக்காவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றுதான் தங்கை எடுத்துக்கொள்வாள். இன்னொரு மூன்று வருஷம். சரி, வேகாத கேக்கைக் கொண்டுபோய் வைத்தால்? அது அதைவிட மோசம்.

அதனால்தான் கஸ்டமர் கேர். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்... முக்கியமானவர்களை இவ்வளவு நேரம் யாராவது காக்க வைப்பார்களா?

நிபுணர் வந்தார். ஓவனுக்குள் இருந்த பாத்திரங்களையெல்லாம் நான் எடுத்து வெளியே வைக்கும்வரை காத்திருந்தார். பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். எண் மெதுவாக ஏறி நூற்றெண்பதைத் தொட்டு 'டிங்' என்றது. எல்லாம் பர்ஃபெக்ட் என்றார். ஒருவேளை ரெசிபியில் தப்பிருக்கலாம் என்று செல்போனில் ஒரு கேக் வீடியோவைத் தேடி எடுத்து ரீட்டாவிடம் நீட்டினார். அந்த வீடியோவில் இருந்த பெண்ணுக்கு வயதே இருபதுதான் இருக்கும்.

ரீட்டா பொறுமையாக, ஓவன் கதவைத் திறந்து கையைக் காட்டிப் பார்க்கச் சொன்னாள். நூற்றெண்பது எப்படி இருக்கும் என்று தன் கைக்குத் தெரியும் என்றாள்.

"கை தப்பு காட்டும் மேடம். சென்சார் காட்டாது" என்றார் அவர்.

நானும் தலையாட்டினேன். நான் ஆட்டியதை ரீட்டா பார்த்துவிட்டாள்.

ரீட்டா வற்புறுத்தியதற்காக, வேண்டுமானால் ஓவனின் எலக்ட்ரானிக் போர்டை மாற்றிப் பார்க்கலாம், வந்துசேர மூன்று வாரம் ஆகும் என்று செல்போனில் எதையோ தட்டிவிட்டுப் போனார். புதுநன்மை என்ன மூன்று வாரம் காத்திருக்குமா?

எங்கள் மாடியில் கஜா என்பவர் குடியிருக்கிறார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பாய்லர் சூட்டை அளக்கும் சென்சார்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் அவருக்கு நாள் முழுக்க வேலை. அவரை ஏன் மூன்று மாதமாகக் கேட்கவில்லை என்கிறீர்களா? லுங்கியோடு மாடிப்படி இறங்கி வருகிறவரை எப்படி நிபுணர் என்று நம்புவது? கழுத்தில் அட்டை இல்லையே. புதன்கிழமை ரீட்டாதான் போய்க் கூப்பிட்டாள்.

கஜா டிஸ்ப்ளேயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் மல்டிமீட்டரில் சூடு அளப்பதற்கென்று இருந்த ஒயரை ஓவனுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். வழக்கம்போல 'டிங்'. மீட்டரில் நூற்று முப்பதுதான்.

"அண்ணி சொன்னது கரீட்டு. அம்பது டிகிரி கம்மியா கீது" என்றார்.

ரீட்டா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக ஒருத்தர்கூடச் சொல்லாத வார்த்தை.

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார் கஜா. சென்சார் என்பது பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி. பின்சுவரிலிருந்து ஓவனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஐஸ் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி மீட்டரை வைத்துப் பார்த்தார். சென்சாரில் கோளாறே இல்லை. அதன் ஒயர் பின்னால் போய்ச் சேரும் கனெக்டர்தான் லூஸாகி, பச்சை பூத்துக் கிடந்தது. கடலிலிருந்து வரும் உப்புக்காற்று எங்கள் ஜன்னல் கம்பியையே தின்றுவிட்டது, இது எம்மாத்திரம்?

கஜா விளக்கியது இவ்வளவுதான். சூடு ஏற ஏற சென்சாரில் ரெசிஸ்டன்ஸ் கூடும். அதை வைத்துத்தான் ஓவன் கணக்குப் போடுகிறது. இந்தப் பச்சைக் களிம்பும் தன் பங்குக்கு ரெசிஸ்டன்ஸைக் கூட்டுகிறது. ஓவன் அதையும் சூடு என்று நம்பி, வேலை முடிந்ததாக ஹீட்டரை அணைத்துவிடுகிறது.

எனக்கு ஒரே குஷி. கம்பெனிக்காரரின் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது அல்லவா? பின்தகட்டைக் கழற்றாமலே தீர்ப்பு சொன்ன மகானை வாயார வாழ்த்திக்கொண்டிருந்தேன். கஜா குறுக்கிட்டார்.

"அது கெடக்கட்டும் அண்ணாத்தே. கனெக்டர் இன்னாத்துக்கு லூசாச்சு? இந்தக் கம்பி வளைஞ்சிகினு கீது பாரு. யாரோ டெய்லி எதையோ வச்சி இடிச்சிகினு இருந்துகீறாங்க."

ரீட்டா எழுந்தாள். வெளியே எடுத்துவைத்திருந்த தோசைக்கல்லைத் தூக்கி ஓவனுக்குள் தள்ளினாள். கம்பி எந்த இடத்தில் வளைந்திருந்ததோ, கல்லின் விளிம்பு சரியாக அங்கே போய் 'டங்' என்று இடித்தது.

சிரிக்காதீர்கள். முதலில் உங்கள் வீட்டு ஓவனைத் திறந்து பாருங்கள். வாரத்தில் ஆறு நாள் அது நமக்கெல்லாம் அலமாரிதானே? தோசைக்கல், இரும்புச்சட்டி, பணியாரக்கல்... கேக் போடும் அன்று எல்லாம் வெளியே, மறுநாள் எல்லாம் உள்ளே. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவி அடுக்குவது யார்? நான். சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் அதைப் பெருமையடித்து எழுதினேன். ஆண்கள் எல்லோரும் இப்படி இருக்க வேண்டும் என்று சில வாசகிகள் கடிதம்கூடப் போட்டிருந்தார்கள். கதவு மூட மறுத்தால் முழங்காலால் ஒரு தள்ளு தள்ளுவேன் என்பதை மட்டும் அந்தக் கட்டுரையில் விட்டுவிட்டேன்.

வெட்கமாக இருந்தது. தோசைக்கல்லுக்காகக்கூட இல்லை, கைப்பக்குவம் போய்விட்டது என்று சொன்ன அந்த வாய்க்காக. அந்த நிபுணராவது ஒரே நாள்தான் டிஸ்ப்ளேயை நம்பினார். நான் மூன்று மாதம் நம்பினேன். பச்சை எழுத்தில் ஒரு எண் மின்னினால் போதும்... எதிரில் நிற்கும் மனுஷி சொல்வது காதில் ஏறுவதே இல்லை.

மறுநாள் வண்ணாரப்பேட்டைக்குப் போய், சூடு தாங்கும் பீங்கான் கனெக்டரை நானே வாங்கி வந்தேன். கஜா ஒயரைச் சுரண்டி, புதுசைப் பொருத்தி, கம்பியையும் மெல்ல நிமிர்த்திக் கொடுத்தார். சனிக்கிழமை கேக் போடும்முன் ரீட்டா ஓவன் கதவைத் திறந்து, உள்ளங்கையை வாசலில் காட்டி, இரண்டு விநாடி நின்றாள். சரி என்று தலையசைத்த பிறகுதான் மாவு உள்ளே போனது. டிஸ்ப்ளே என்ன சொன்னது என்று நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் ஸ்டெல்லா முதல் துண்டை வாயில் போட்டாள். மென்றாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கை அப்படியேதான் கீதுக்கா" என்றாள். ரீட்டாவுக்குக் கண் கலங்கியது. தங்கையின் தோளுக்கு மேலாக அவள் பார்த்தது என்னை. இந்த முறை குரூப் போட்டோவுக்கு முதலில் கூப்பிடப்பட்டவள் ரீட்டாதான்.

திங்கட்கிழமை காலை கம்பெனியிலிருந்து போன். சர்வீஸ் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று ஒரு பெண் கனிவாகக் கேட்டாள். போனை எடுத்தது ரீட்டா.

"ஒண்ணு போட்டுக்கம்மா. எங்க வூட்டுக்காரருக்கும் சேர்த்துதான்."